புதுப் பூச்சுச் சுவர்: பெயிண்டுக்கு முன் எவ்வளவு காத்திருப்பது, எப்படி சீல் செய்வது

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒரு அறைக்கு சிமென்ட் பூச்சு, பக்கத்து அறைக்கு ஜிப்சம் பூச்சு. பூசி மூன்று வாரம் ஆகிறது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறது. ஒருவர் நேரே எமல்ஷனை அடித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து அடித்து சுவரை சீல் செய்துவிட்டு அப்புறம் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?

இரண்டையும் கேட்க வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெயிண்ட் உரிந்த வீடுகளில் நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டு யோசனைகளில் ஒன்றில் தொடங்கியவைதான்.

முதலில் இந்த 'சீல்' என்கிற சொல். பாட்டிலுக்கு மூடி போடுவதுபோல சுவரை அடைத்துவிடுவது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். புதுச் சுவருக்கு அப்படி மூடி போட்டால் கெடுதல்தான். புதுச் சுவர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரை மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. மேல்தோல் காய்ந்த இடத்தில் படுகிற எதையும் விடாமல் உறிஞ்சுகிறது. உள்ளே ஈரம், வெளியே தாகம். முதல் பூச்சாக நாம் அடிப்பது அந்தத் தாகத்தை அடக்கி, சுவர் முழுக்க ஒரே சீராக்க வேண்டும். ஈரம் வெளியேறும் வழியையும் அது அடைக்கக் கூடாது.

உறிஞ்சுவதால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள். தண்ணீர் நிதானமாக ஆவியானால் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, அழுந்தி, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகும். காய்ந்த புதுப் பூச்சின்மேல் கெட்டியான எமல்ஷனை அடித்தால், அந்தத் தண்ணீரை சுவர் ஒரே இழுப்பில் குடித்துவிடும். படலம் உருவாகவும் நேரமில்லை, பூச்சின் துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கவும் நேரமில்லை. பெயிண்ட் சுவரின்மேல் சும்மா படுத்திருக்கும்.

அடித்த அன்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். தெரிய வருவது பிறகு. ஒருமுறை ஒரு அறையில் இரண்டு நிறம் பிரிக்க மாஸ்கிங் டேப் ஒட்டினோம். மறுநாள் டேப்பை எடுத்தபோது பெயிண்டும் கூடவே வந்தது, துணி கிழிவதுபோல கை அகலத்துக்கு. உரிந்த அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க மாவு தடவினாற்போல் வெளுத்த தூசி. பெயிண்ட் ஒட்டியிருந்தது அந்தத் தூசியோடு. சுவரை அது தொடவே இல்லை. விரல் நகத்தை விட்டு இழுத்ததில் மீதிச் சுவரும் அப்படியே உரிந்தது. அந்த அறையை முழுக்கச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. தண்ணீர் கலந்த ஒரு முதல் பூச்சுக்கு அரை நாள் போதும்.

சரி, அடுத்தது ஈரம். மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டதா என்று கேட்கும் முன், சுவருக்குள் எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் கனத்தில் சிமென்ட் பூச்சு என்றால் ஒரு சதுர மீட்டருக்குக் கலவையிலேயே சுமார் 3 லிட்டர் தண்ணீர். நடுத்தர அளவு அறையின் நான்கு சுவருக்கும் சேர்த்து 100 லிட்டரைத் தொடும். சிமென்ட் இறுகும்போது தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தண்ணீரைத்தான் தன்னோடு நிரந்தரமாகக் கட்டிக்கொள்ளும். மீதி எல்லாம் காற்றோடு போயாக வேண்டும். அதற்குமேல், பூச்சு நன்றாக இறுக ஒரு வாரம் நனைத்து வைக்கும் க்யூரிங்குக்கு நாம் அடித்த தண்ணீர் வேறு. ஜிப்சமும் இப்படித்தான்: இறுகுவதற்கு அதன் எடையில் 19 விழுக்காட்டுக்கும் குறைவான தண்ணீர் போதும், ஆனால் குழைத்துப் பூசும் பதம் வர அதைப்போல மூன்று மடங்குவரை ஊற்றுகிறோம்.

28 நாள் கணக்கு ஒன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது சிமென்டின் வலிமையைப் பற்றிய கணக்கு. காய்வதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. தண்ணீர் காட்டுவதை நிறுத்திய நாளில்தான் காய்வது தொடங்குகிறது. ஆகவே நான் எண்ணுவது க்யூரிங் முடிந்த நாளிலிருந்து நான்கு வாரம், அதுவும் காற்று ஓடும் வறண்ட பருவத்தில். மழைக்காலம், அடைத்த அறை, கனமான பூச்சு என்றால் ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். ஜிப்சத்துக்கு நல்ல காற்றோட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் என்பது தோராயக் கணக்கு. ஆனால் மெல்லிய மேல்பூச்சாக இல்லாமல் முழுக் கனத்தில் பூசியிருந்தால் நான்கு வாரத்துக்குக் குறைவாக நான் நம்புவதில்லை. ஜிப்சத்துக்குத் தண்ணீர் காட்டுவதே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; சிமென்ட் பழக்கத்தில் அதற்கும் நனைத்துவிடுகிறவர்கள் உண்டு.

சுண்ணாம்புப் பூச்சு தனி உலகம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளிழுத்துத்தான் மாதக்கணக்கில் கல்லாகிறது. அதன்மேல் படலமாக மூடும் பெயிண்ட் எதையும் போட வேண்டாம். வெள்ளையடிப்பதோ, சிலிக்கேட் பெயிண்டோ, சுவரை மூச்சுவிட விடுகிற எதுவோதான் பொருத்தம்.

காய்ந்ததா என்று கை சொல்லாது. கை தொடுவது மேல் ஒரு மில்லிமீட்டரைத்தான். முதலில் கண்ணால் பாருங்கள். ஈரமான பூச்சு கருத்திருக்கும், காய்ந்தது வெளுத்துவிடும். மூலைகளும் தரையை ஒட்டிய பகுதியும் கடைசியில்தான் வெளுக்கும். திட்டுத்திட்டாக இரண்டு நிறம் தெரிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. அடுத்து பிளாஸ்டிக் தாள் சோதனை: 45 சென்டிமீட்டர் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு சுவரில் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும்; நான் முழு ஒரு நாள் விடுவேன். எடுத்துப் பார்க்கும்போது உட்பக்கம் வேர்த்திருந்தாலோ, தாள் இருந்த இடம் மட்டும் கருத்திருந்தாலோ சுவர் தயாராக இல்லை. அறைக்கு ஒரு இடம் போதாது. வெளிச்சுவர், தரையோரம், குழாய் ஓடும் சுவர் மூன்றிலும் ஒட்டிப் பார்ப்பேன்.

சீக்கிரம் காய வைக்க எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், ஃபேன் போடுங்கள். அவ்வளவே போதும். கேஸ் ஹீட்டர் மட்டும் வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே வருகிறது. வேறு எந்த ஹீட்டரானாலும் கடுமையான சூட்டைக் காட்டினால் மேல்தோல் சுருங்கி விரிசல் விடும், ஜிப்சம் பொடியும்.

சிமென்ட் பூச்சில் தண்ணீரைத் தவிர இன்னொரு எதிரியும் இருக்கிறது. அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: காரம். சிமென்ட் இறுகும்போது சுண்ணாம்புச் சத்து வெளிப்படுகிறது. காரம் எவ்வளவு என்று காட்டும் பி.எச். அளவு புதுப் பூச்சில் 12.5, 13 வரை இருக்கும். நல்ல தண்ணீருக்கு 7. காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பில் அந்தக் காரத்தை மெல்ல முறித்து 9-க்குப் பக்கத்தில் கொண்டுவரும். அதற்கும் வாரங்கள் வேண்டும், அதனால்தான் காத்திருப்பது காய்வதற்கு மட்டும் இல்லை.

காரம் என்ன செய்யும் என்பதை ஒரு மாடிப்படிச் சுவரில் நேரில் கண்டேன். கைபடும் உயரம் வரை எனாமல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பூசி ஐந்து வாரம்கூட ஆகாத சிமென்ட் சுவரில் நேரே ஆயில் பெயிண்ட்டை ஏற்றினோம். பத்து நாள் கழித்துப் போனால் சுவர் இன்னும் பிசுபிசுக்கிறது, கட்டைவிரலை வைத்தால் ரேகை பதிகிறது. ஈரத்துணியால் துடைத்தேன். துணி வழுக்கியது, சோப்பு மாதிரி. உண்மையிலேயே அது சோப்புதான். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துத்தான் சோப்பு செய்கிறோம். அந்தச் சுவரில் பெயிண்டின் எண்ணெயும் சிமென்டின் காரமும் அதையே செய்துகொண்டிருந்தன. முழுக்க வழித்தெடுத்து, இன்னும் ஒரு மாதம் விட்டு, பெயிண்டுக்கு அடியில் முதல் கோட்டிங்காகப் போடும், காரம் தாங்கும் பிரைமரைப் போட்டபிறகுதான் அந்தச் சுவர் நின்றது. சில நிறமிகளும் காரத்தில் செத்துவிடும். பிரஷ்யன் நீலம் என்ற ஆழ்ந்த நீலம் காரம் பட்டால் பழுப்பாகிவிடும். புதுச் சுவரில் அடர்ந்த நிறம் திட்டுத்திட்டாக வெளுத்தால் பெயிண்ட் கம்பெனியைத் திட்டும் முன் காரத்தைச் சந்தேகப்படுங்கள்.

பார்ப்பது சுலபம். சுவரில் ஒரு இடத்தை வாலை வடிநீரால், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரால் நனைத்து, பி.எச். தாளை அழுத்தி ஒரு நிமிடம் வைத்து, நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். 10-க்குக் கீழே வந்துவிட்டால் தைரியமாக வேலையைத் தொடங்கலாம். தாள் இல்லையென்றால் கலப்படமில்லாத மஞ்சள் தூளைக் கரைத்து மறைவான மூலையில் ஒரு சொட்டு வையுங்கள். செம்பழுப்பாக மாறினால் காரம் இன்னும் இருக்கிறது. அளவு எவ்வளவு என்று மஞ்சள் சொல்லாது, இருப்பதை மட்டும் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் ஜிப்சத்தில் இந்தத் தொல்லை இல்லை; அது நடுநிலைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இனி மேற்பரப்பு. சுவர் முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. பொக்கென்று கேட்கிற இடத்தில் பூச்சு சுவரை விட்டு எழும்பியிருக்கிறது. அதை வெட்டி எடுத்துப் பூசித்தான் ஆக வேண்டும், எந்த பெயிண்டும் அதைப் பிடித்து வைக்காது. மயிரிழை விரிசல்கள் பூச்சு சுருங்குவதால் வருபவை, பயப்பட வேண்டாம். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஓடும் விரிசல் மட்டும் திரும்பத் திரும்ப வரும். அங்கே பூசும்போதே கம்பி வலை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லையென்றால் இப்போது விரிசலை 'வி' வடிவில் கீறி, வளையும் தன்மையுள்ள நிரப்பியை அடைத்து, மேலே நூல்வலை டேப் ஒட்டுங்கள்.

ஜிப்சம் பூச்சில் கொத்தனார் கரணையால் அதிகம் தேய்த்துவிட்டால் கண்ணாடி மாதிரி பளபளக்கும் இடங்கள் உண்டாகும். பார்க்க நேர்த்தி, பெயிண்டுக்கு ஆகாது. கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நல்ல இடத்தில் சில நொடிகளில் குடித்துக் கருக்கும். பளபளப்பில் முத்தாக உருண்டு நிற்கும், இல்லையென்றால் வழிந்து ஓடும். அந்த இடங்களை 120 அல்லது 150 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும் அளவுக்கு லேசாகத் தேயுங்கள். சுவர் முழுவதையும் தேய்க்க வேண்டாம். கலவைத் துளிகள் ஒட்டிய முண்டுகளைப் பட்டித் தகட்டால் சீவினால் போதும். அப்புறம் தூசி. உள்ளங்கையை அழுத்தித் தடவினால் கையில் மாவு ஒட்டக்கூடாது. மென்மையான பிரஷால் மேலிருந்து கீழே தட்டி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காய விடுங்கள். தேய்க்கும்போதும் பெருக்கும்போதும் நல்ல தூசி முகமூடி கட்டாயம். மணலிலும் சிமென்டிலும் உள்ள சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது.

வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஒரு விஷயம் மட்டும் நினைவில் வையுங்கள்: தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும், காய்ந்ததும் திரும்ப வெளியே வரும். காய்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்ந்த தூளைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். புதுச் சுவரில் இரண்டு மூன்று தடவையில் அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால் எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது: கசியும் குழாய், தரையிலிருந்து ஏறும் ஓதம், வெளிச்சுவர் விரிசல். அதைச் சரிசெய்யாமல் மேலே எது அடித்தாலும் கொப்பளிக்கும்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு, எதை அடித்து சீல் செய்வது.

வெள்ளைப் பசை வேண்டாம். அது பாலிவினைல் அசிடேட். பழைய சுவர்மேல் புதுப் பூச்சு பிடிப்பதற்கு அதைத் தடவும் வழக்கம் உண்டு, பெயிண்டுக்கு அடியில் அது கெடுதல். துளைகளுக்குள் இறங்காமல் சுவர்மேல் ஒரு தோலாக நிற்கும். தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். மேலே எமல்ஷனை ரோலரால் உருட்டும்போது, அந்த ஈரத்திலேயே அடியிலுள்ள பசை குழைந்து பெயிண்டோடு சேர்ந்து சுருண்டு வரும். அன்றைக்குத் தப்பித்தாலும், ஈரம் படுகிற அறையில் பிறகு தாளாக உரியும். ஒருமுறை பசை அடித்த சுவரைத் திருத்துவது, உரிந்த பெயிண்டைத் திருத்துவதைவிடக் கடினம்.

ஜிப்சம் அறைக்குத் தண்ணீர் கலந்த எமல்ஷன்தான் நல்லது. பளபளப்பில்லாத சாதாரண மேட் எமல்ஷன், வெள்ளை. கழுவக்கூடியது, பளபளப்பது என்றெல்லாம் விற்கும் வகைகளை முதல் பூச்சுக்கு எடுக்க வேண்டாம். அவற்றில் பிசின் அதிகம், தோலாக மூடும். மூன்று பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று தொடங்குங்கள். அதிகம் உறிஞ்சும் சுவரானால் ஏழுக்கு மூன்று வரை போகலாம். நன்றாகக் கலக்கி, ஓரமாக ஒரு சதுர அடி அடித்துப் பாருங்கள். பாலைப்போல் பரவி, சுவருக்குள் இறங்கி, பூச்சின் நிறம் அடியில் லேசாகத் தெரிய வேண்டும். ரோலர் உருட்டும்போதே இழுத்துப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். கோடுகோடாக வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. சீலிங்கை முதலில் அடியுங்கள், ஏனென்றால் இது நிறையச் சொட்டும், தரையை முழுக்க மூடி வைக்க வேண்டும். திட்டுத்திட்டாகத் தெரிகிறதே என்று மேலே மேலே தடவாதீர்கள். இந்தப் பூச்சு அழகுக்கு இல்லை.

சிமென்ட் அறைக்குக் காரம் தாங்கும் அக்ரிலிக் பிரைமர். தகரத்தில் எழுதியுள்ள அளவுக்குத் தண்ணீர் கலந்து அடியுங்கள். ஆயில் பெயிண்ட்டோ எனாமலோ மேலே வருவதாக இருந்தால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. காரம் தாங்கும் என்று எழுதியிருக்கிறதே, ஈரச் சுவரிலேயே அடித்துவிடலாமா என்று கேட்பார்கள். அது காரத்தைத் தாங்கும், அடியில் அடைபட்ட தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்காது.

பட்டி பார்ப்பதாக, அதாவது சுவரை வழவழப்பாக்கக் குழைத்த மாவுக் கலவையை மெல்லிசாக இழுப்பதாக இருந்தால் வரிசை முக்கியம். பிரைமர் முன்னாலா பின்னாலா என்று எல்லாக் கட்டட வேலையிலும் சண்டை நடக்கும். இரண்டு தரப்பும் வேறு வேறு பட்டியைப் பற்றிப் பேசுவதால்தான் அந்தச் சண்டை. வெள்ளை சிமென்ட் பட்டிக்கு அடியில் பிரைமர் வேண்டாம். சுவரை லேசாக நனைத்து நேரே வைக்க வேண்டும். அதுவும் சிமென்ட்தான், இறுகத் தண்ணீர் வேண்டும், சுவரைக் கடித்துப் பிடிக்க வேண்டும்; நடுவில் பிரைமர் படலம் இருந்தால் பிடிப்பு போய்விடும். இரண்டு மெல்லிய கோட்டிங், மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள். நன்றாகக் காய்ந்தபிறகு தேய்த்து, தூசி தட்டி, அதன்மேல் பிரைமர். அக்ரிலிக் பட்டிக்கு அடியிலும் பிரைமர், மேலேயும் பிரைமர், வீட்டின் உட்புறத்துக்கு மட்டும். ஜிப்சம் அறைக்கு சிமென்ட் பட்டி வேண்டவே வேண்டாம். அந்தச் சுவர் ஏற்கெனவே வழவழப்புதான். தவிர ஈரம் சேர்ந்தால் சிமென்டும் ஜிப்சமும் வினைபுரிந்து இடையில் விரிந்து வளரும் படிகங்கள் உண்டாகி, பட்டியைத் தூக்கிவிடும்.

முதல் பூச்சு காய்ந்ததும் சுவரின் உண்மையான முகம் தெரியும். ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நடங்கள். முன்பு கண்ணில் படாத குழி, கீறல் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். அவற்றை நிரப்பித் தேய்த்தபிறகு, நிரப்பிய இடங்களில் மட்டும் முதல் பூச்சையே மறுபடி தொட்டுவிடுங்கள். விட்டுவிட்டால் அந்த இடங்கள் அதிகம் உறிஞ்சி, கடைசிக் கோட்டிங்கிலும் மங்கலான பொட்டுகளாகத் தெரியும். பிறகு எமல்ஷன் இரண்டு கோட்டிங்; எவ்வளவு தண்ணீர் கலப்பது, எத்தனை மணி நேரம் இடைவெளி என்பதெல்லாம் தகரத்திலேயே இருக்கும்.

உங்கள் வீட்டுக்கு இப்படிச் செய்யுங்கள். ஜிப்சம் அறையில் இன்று பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். நிறம் முழுக்க வெளுத்து, தாளும் வறண்டிருந்தால் அடுத்த வாரமே தண்ணீர் கலந்த எமல்ஷனைத் தொடங்கலாம். சிமென்ட் அறையை இப்போது தொட வேண்டாம். மூன்று வாரத்தில் ஒரு வாரம் க்யூரிங்கில் போயிருக்கும், ஆக அது காயத் தொடங்கி இரண்டு வாரம்தான். இன்னும் இரண்டு வாரம் ஜன்னல்களைத் திறந்தே வைத்து, பி.எச். தாளும் பிளாஸ்டிக் தாளும் இரண்டுமே சரி என்று சொன்னபிறகு பிரைமர் வாங்குங்கள். குளியலறையை ஒட்டிய சுவர் எந்த அறையில் இருந்தாலும் அதைக் கடைசிக்கு வைத்து, குளியலறைக் குழாய்களில் தண்ணீர் விட்டு ஒரு வாரம் புழங்கியபிறகு, அந்த இடத்தில் மட்டும் தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள்.